பேர் வெட்டிக்கொண்டு போனவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத ஓர் அர்த்தம் உண்டு. பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து போதுமான அளவு எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், காய்ச்சலோடு மலையேறிப் பாதியில் இறங்கி வந்துவிட்டால் ஒன்றுமில்லை. சாயங்காலம் குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "இன்னைக்கு ஒனக்குப் பேரு விழுந்துச்சா?" என்று கேட்பாள். புதிதாக வந்த பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் இதைக் காதில் வாங்கிவிட்டு, இவர்களுக்குத் தினம் தினம் பெயர் வைக்கிறார்களா என்று என் அப்பாவிடம் விசாரித்தாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இதில் பேர் பதிவது, பேர் வெட்டுவது என்று இரண்டு காரியங்கள் இருந்தன. பதிந்தால் வேலை கிடைக்கும். வேலையோடு, லயம் என்கிற நீண்ட வரிசை வீட்டில் ஒரு காம்பராவும் கிடைக்கும். காம்பரா என்றால் ஒரே ஓர் அறை. சமையல், படுக்கை, சண்டை, சாமி எல்லாம் அதற்குள்தான். பேரை வெட்டினால் இரண்டும் போய்விடும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகிறவர்கள், பழைய இடத்தில் பேர் வெட்டியாகிவிட்டது என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம் கொண்டுபோய்க் காட்டினால்தான் புது இடத்தில் பதிவார்கள். இரண்டு இடத்தில் பேர் வைத்திருக்கிறவனைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே தெரிந்துகொள்கிற விஷயம்.

எனக்கும் அங்கே ஒரு பேர் இருந்தது. தேயிலைச் செடிக்கு மேலே தலை தெரிய ஆரம்பித்த வயதில், பள்ளிக்கூட விடுமுறைகளில் வேலைக்குப் போவதற்காகப் பதிந்தார்கள். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசித்து வேலைக்குப் பிரித்து அனுப்புவதைப் பெரட்டு என்போம். எங்களை வேலை வாங்குகிற கங்காணி என் அம்மாவின் பேரை வாசிப்பார், அடுத்தது என் பேர். குளிரில் கம்பளிக்குள் சுருண்டு நின்றுகொண்டு நான் ஏதோ ஒரு சத்தம் கொடுப்பேன். வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அம்மா இரண்டு கையாலும் எடுத்துக் கூடைக்குள் வீசுகிற வேகத்தில் பாதிகூட எனக்கு வராது. அட்டை கடித்தால் கூடையைப் போட்டுவிட்டுக் குதிப்பேன். நிறுக்கப் போகும் வழியில் அம்மா யாருக்கும் தெரியாமல் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி என் கூடையில் போடுவாள். அப்படியும் எனக்குப் பெரும்பாலும் அரைப்பேர்தான் விழும்.

டயகமவுக்கு மேலே, பஸ் வந்து திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் வெகுதூரம் ஏற வேண்டிய தோட்டம் அது. அப்பாவுக்கு வேலை தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பிறகு ஹட்டனில் தங்கிப் படித்தேன். அறுபதுகளின் தொடக்கம். தமிழில் பரீட்சை எழுதியவர்களையும் பல்கலைக்கழகத்தில் எடுக்கத் தொடங்கியிருந்த காலம். அந்தக் கதவு அப்போது திறந்திராவிட்டால் நான் முழுப்பேர் வாங்குவதற்கு வேறு வழி தேடியிருக்க வேண்டும்.

அனுமதிக் கடிதம் மழைக்காலத்தில் வந்தது. உறையின் ஓரம் நனைந்து, எங்கள் தோட்டத்தின் பேர் பாதி கரைந்திருந்தது. படிக்கத் தெரியாத அம்மா அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அடுப்புக்கு மேலே காயவைத்தாள்.

கடிதத்தில் முக்கியமாக இரண்டு விஷயங்கள் இருந்தன. முதலாவது, தங்குமிடம். அந்த வருடம் பிள்ளைகள் அதிகம், விடுதியில் கட்டில்கள் போதாது. ஆகவே தினமும் வந்துபோக முடியாத தூரத்தில் வீடு உள்ளவர்களுக்குத்தான் முதலில் இடம். வீடு எங்கே என்பதற்குக் ஊர் அதிகாரியான கிராம விதானையிடமோ தோட்டத்தை நடத்துகிற துரையிடமோ கடிதம் வாங்கி வர வேண்டும். இரண்டாவது, வகுப்பு. எங்கே தங்கப் போகிறோம் என்ற சீட்டைக் காட்டினால்தான் பாடங்களுக்குப் பேர் பதிவார்கள். பாடங்களுக்கும் இடம் அளவுதான். முந்தி வருகிறவர்களுக்கு முந்திக் கிடைக்கும். எனக்குப் புவியியல் வேண்டும் என்று ஆசை. தேசப்படம் வரைவதில் எனக்கு இருந்த பைத்தியம் ஹட்டன் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

விடுதி கிடைக்காத பிள்ளைகள் டவுனில் யாராவது தெரிந்தவர்கள் வீட்டில் தங்கலாம் என்றும் கடிதம் சொன்னது. எங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்? அப்பா அடுப்பருகே குந்தி உட்கார்ந்து, நான் வாசித்துச் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அங்கயே தங்க எடம் குடுத்தா படி, புள்ள. தெரியாத வீட்டுல விட்டுட்டு என்னால இங்க வந்து தூங்க முடியாது. எடம் இல்லன்னா திரும்பிடுவோம்."

அப்பா அதட்டிப் பேசுகிறவர் இல்லை. அதனாலேயே அவர் சொன்னால் சொன்னதுதான். கட்டில் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கூடை. அவ்வளவுதான் என் நிலைமை.

மறுநாள் காலை அவர் ஆலைக்குக் கிளம்பும்போது நான் உள்ளே உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். எதையும் நிதானமாகச் சொல்கிற பழக்கம் எனக்கு அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. வாயில் நூலைக் கடித்தபடி, "அப்பா, அங்க பேரு பதியணும். அதுக்கு இங்கேருந்து ஒரு துண்டு வேணும், மறந்துறாதீங்க" என்று கத்தினேன். அப்பா வாசலில் நின்று, "அதுக்கு ஒரு துண்டு வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அவருக்குத் தெரியும்தான். அவருக்குத் தெரிந்த துண்டு எது என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒட்டிய உறை ஒன்றோடு வந்தார். தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கரையா இங்கிலீஷில் எழுதி, துரை கையெழுத்துப் போட்டதாம். பிரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஒட்டிய உறையைப் பிரித்தால் செல்லாது என்று அதை வாங்கித் தகரப் பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் வைத்தார். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "முடிஞ்சிருச்சு" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். புகை என்று நினைத்தேன்.

பயணத்துக்கு முன் அம்மா எனக்குச் சொன்ன புத்திமதி முழுவதும் காம்பராவைப் பற்றித்தான். பேர் பதிந்தால் காம்பரா கொடுப்பார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்தாள். "கடைசிக் காம்பரா குடுத்தா வாங்காத. ரெண்டு பக்கமும் குளிரு ஏறும். நடுவுல கேட்டு வாங்கு" என்றாள். அங்கே காம்பரா கிடையாது, விடுதி என்று விளக்கினேன். சரி, அந்த விடுதியில் நடுவில் கேட்டு வாங்கு என்றாள்.

அப்பா என்னோடு வந்தார். தலவாக்கலையில் ரயில் ஏறி, பெட்டியைத் தூக்கி மேலே வைக்கச் சொன்னாலும் கேட்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். றொசல்லையில் வண்டி நின்றபோது தேயிலைச் செடிகள் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே தெரிந்தன. மழையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாவலப்பிட்டிக்கு வந்ததும் கோட்டைக் கழற்றிப் பெட்டியின் மேல் மடித்து வைத்தார். இனி குளிராது என்று எனக்கு அறிவித்தார், ஏதோ அவரே ஏற்பாடு செய்ததுபோல.

பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஆற்றையும் மரங்களையும் பெரிய பெரிய கட்டடங்களையும் பார்த்து அப்பா, இதற்கு எத்தனை துரைமார் இருப்பார்கள் என்று கேட்டார். நீண்ட மண்டபம் ஒன்றில் இரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் தங்குமிடம், மற்றதில் வகுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த பிள்ளைகள் முந்திய நாளே வந்து, முதல் மேசையை முடித்துக்கொண்டு இரண்டாவதில் நின்றார்கள். நான் வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டேன். அப்பா உள்ளே வர மாட்டேன் என்று சொல்லி, பெட்டியோடு வெளியே மரத்தடியில் நின்றார்.

தங்குமிட மேசையில் விடுதிப் பொறுப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி, கஞ்சி போட்ட சேலை, யாழ்ப்பாணத்துப் பேச்சு. எனக்கு முன்னால் நின்றவர்களின் கடிதங்களை ஒரு பார்வை பார்த்துச் சீட்டு எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. உறையைக் கிழித்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"பிள்ளை, இதை நீர் வாசிச்சனீரோ?"

இல்லை என்றேன்.

"நீர் அந்தத் தோட்டத்திலை வேலையை விட்டிட்டீர், இனி அங்கை குடியிருக்கிற ஆள் இல்லையெண்டெல்லோ இதிலை கிடக்கு. அப்ப உமக்கு வீடு எங்கை?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. அப்பா கொண்டுவந்தது பேர் வெட்டிய துண்டு. தோட்டம் மாறிப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற அதே துண்டு. புது இடத்தில் என் பேரைப் பதிய வேண்டும் என்பதற்காகப் பழைய இடத்தில் ஒழுங்காக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

தூரத்து வீட்டுக்காரர்களுக்கு முதல் இடம், கடிதப்படி எனக்கு வீடே இல்லை. அந்த அம்மா கடிதத்தை ஓரமாக வைத்து, மற்றவர்களை முடித்த பிறகு வரச் சொன்னார். மற்றவர்களை முடித்த பிறகு கட்டில் மிஞ்சாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான் வெளியே ஓடினேன். ஓடும்போதே கோபம் தலைக்கேறியிருந்தது. அப்பா மரத்தடியில், தகரப் பெட்டியின் மேல் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "பதிஞ்சாச்சா?" என்று கேட்டார்.

"எதுக்குப்பா என் பேர வெட்டச் சொன்னீங்க? யார் கேட்டா?"

அப்பா என் சத்தத்துக்குப் பயந்து இரண்டு பக்கமும் பார்த்தார். ரெண்டு இடத்தில் பேர் இருந்தால் தப்பு, நாளைக்கு யாராவது புகார் எழுதி என்னை வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று மெதுவாகச் சொன்னார். தலைமுறையாக அங்கே உழைத்தும் பிரஜாவுரிமை இல்லாத எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதற்கு எழுதிப்போட்டுவிட்டு, பதில் வராமல் காத்துக்கொண்டிருந்த காலம் அது. பேர் விஷயத்தில் பிழை செய்ய அவருக்குத் துணிவு கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் நான் விடவில்லை. வெட்டாமல் சும்மா ஒரு கடிதம் வாங்கியிருந்தால் போதும், என் படிப்பையே கெடுத்துவிட்டீர்கள் என்று கொட்டித் தீர்த்தேன்.

அப்பா நான் முடிக்கும் வரை கேட்டார். பிறகு, "அது மட்டும் இல்ல, புள்ள" என்றார்.

"பின்ன?"

"ஒங்கம்மாவுக்கு முன்ன மாதிரி முடியல. நாளைக்கு அவ படுத்துட்டான்னா, மக பேரு இருக்கே, அவள மலைக்கு வரச் சொல்லுன்னு கங்காணி ஆள் அனுப்புவாரு. பேரு இருந்தா கூப்புடத்தான் செய்வாங்க. நானும் மனசு கேக்காம ஒனக்குக் கடுதாசி போட்டுருவேன். நீயும் வந்துருவ. அதான், கூப்புடுறதுக்கே பேரு இல்லாமப் பண்ணிட்டேன். ஒங்கம்மாதான் சொன்னா, வெட்டிட்டு வாங்கன்னு."

எனக்குச் சட்டென்று அந்தப் புகை ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தோட்டத்தில் வெட்டிய பேரைத் திரும்பப் பதிவது லேசான காரியமில்லை. படிப்பு நடுவில் நின்றுபோனால் நான் ஒதுங்குவதற்கு ஒரு வேலைகூட இருக்காது என்பதும் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் வராமல் காலை ஊன்றினார். தோட்டத்து ஆபீசிலேயே ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிப் பழகிய மனிதர்.

வரிசையில் நின்ற பிள்ளைகளைத் தாண்டி நேராக மேசைக்குப் போனேன். யாரோ முணுமுணுத்தார்கள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். "இவுங்கதான் எங்க அப்பா. நீங்களே கேளுங்க" என்றேன்.

அந்த அம்மா எழுந்து நின்றார். அப்பாவுக்கு முன்னால் படித்த பெண் ஒருத்தி எழுந்து நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கும்புடுறேங்க, தொரசாணியம்மா" என்றார். துரையின் மனைவியைத்தான் எங்கள் பக்கம் துரைசாணி என்போம். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. மகளின் பேரை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார்.

அப்பா மரத்தடியில் சொன்னதையே சொன்னார், வார்த்தை மாறாமல். கடைசியில், பிழை என்னுடையதுதான், புள்ளைக்கு ஒன்றும் தெரியாது, ஒரு மூலை கொடுத்தால்கூடப் போதும் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்திருந்தேன். அப்படியும் அழுதேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஓரமாக வைத்திருந்த கடிதத்தைத் திரும்ப எடுத்தார்.

"தூரத்திலை இருக்கிறவைக்குத்தான் முதல் இடம் எண்டு எங்கடை சட்டம். திரும்பிப் போக ஒரு இடமும் வைக்காமல் ஒரு தேப்பன் கூட்டிக்கொண்டு வந்து விட்ட பிள்ளையை, நான் எவ்வளவு தூரத்திலை எண்டு எழுதுறது?"

அது கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை. அப்பா அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, டயகமவில் பஸ் ஏற வேண்டும் என்று தொடங்கினார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

இரண்டு பேர் தங்குகிற அறை ஒன்றில் மடக்குக் கட்டில் போட்டு என்னை மூன்றாம் ஆளாக வைப்பதாகச் சொன்னார். முதல் தவணைக்கு, அதாவது முதல் விடுமுறை வரைக்கும் மட்டும்தான். விடுமுறைக்குப் போகும்போது, என் தாய் தகப்பன் அங்கே குடியிருக்கிறார்கள், நான் அவர்களிடம்தான் போய் வருகிறேன் என்று துரையிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். அது வராவிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவையும் என்னிடம் சொல்லிவிட்டு, அதை அப்பாவிடம் இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார். இந்த முறை துண்டில் என்ன எழுத வேண்டும் என்பதை அப்பா திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது மேசைக்குப் போனபோது புவியியலுக்கு இடம் முடிந்துவிட்டது. அங்கே இருந்தவர் உதட்டைப் பிதுக்கி, சரித்திரத்தில் இருக்கிறது, பதியட்டுமா என்றார். பதியச் சொன்னேன். பிற்காலத்தில் நான் சரித்திர ஆசிரியையாகி, பிள்ளைகளைப் பாண்டிய மன்னர்களோடு படாத பாடு படுத்தியதற்குப் பெரிய கிளாக்கரையாவின் அந்தத் துண்டுதான் காரணம். தேசப்படத்தை இன்றைக்கும் யாராவது விரித்தால் எட்டிப் பார்க்காமல் என்னால் போக முடியாது.

அப்பா சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டும். என் அறையைப் பார்க்க ஆசைப்பட்டார், ஆண்களை மாடிக்கு விடமாட்டார்கள். புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் மேலே போய் ஜன்னலைத் திறந்து கையைக் காட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

"கடைசிக் காம்பரா இல்லையே? ஒங்கம்மா கேப்பா."

மாடியிலேயே கடைசி அறை அதுதான். இல்லை, நடுவில்தான் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பார்த்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. "நடுவுலதான்னு சொல்லிர்றேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு போனார். அந்தத் தவணை முழுவதும், அந்த அறையின் இரண்டு பெண்களும் தூங்கிய பிறகு எனக்குக் குளிர் ஏறும்போதெல்லாம் அம்மாவை நினைத்துச் சிரிப்பு வரும். அவள் சொன்னது சரிதான், கடைசி அறையில் இரண்டு பக்கமும் குளிர்தான்.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் காவல்காரர் நின்றார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். வெளியாட்கள் லயத்தில் தங்குவதற்குத் துரையின் உத்தரவு வேண்டும் என்று தலையைச் சொறிந்தார். பேர் வெட்டிய பிறகு நான் வெளியாள்தானே. நான் வாயைத் திறப்பதற்குள், ஒன் அப்பன் நேத்தே உத்தரவு வாங்கிட்டான், போ புள்ள என்று பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சும்மா என்னைச் சீண்டிப் பார்த்திருக்கிறார்.

அப்பா உத்தரவோடு கடிதத்தையும் சேர்த்து வாங்கி வைத்திருந்தார். இந்த முறை உறையை ஒட்டவிடவில்லை. என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இன்ன லயத்தில் இன்ன காம்பராவில் இவளுடைய தாய் தகப்பன் குடியிருக்கிறார்கள். விடுமுறைக் காலங்களில் இவள் அவர்களுடைய விருந்தாளியாக வந்து தங்க அனுமதி உண்டு. நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டினார். பிழை ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கடிதத்தைத்தான் அந்த அம்மா ஏற்றுக்கொண்டு, அடுத்த தவணையில் மடக்குக் கட்டிலை எடுத்துவிட்டு எனக்கு ஒரு முழுக் கட்டில் கொடுத்தார்.

நான் வீட்டுக்குப் போன அன்று சாயங்காலம் அம்மா படுக்கை விரித்தாள். எங்கள் காம்பராவில் அடுப்புச் சுவரை ஒட்டிய இடம்தான் கதகதப்பானது. அது அப்பாவின் இடம். விருந்தாளி வந்தால் மட்டும் அவர் நகர்ந்து கொடுப்பார். அம்மா அங்கே என் பாயை விரித்து, இருக்கிற இரண்டு கம்பளியையும் போட்டாள். நான் என் பழைய மூலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"தொரையே விருந்தாளின்னு எழுதிக் குடுத்துட்டாரு, நீ என்ன பெரிய இவ" என்றாள் அம்மா. "இங்க பேரு இல்லாதவங்களுக்குத்தான் மொதல் எடம்."

அப்பா வாசல் பக்கம் தன் சாக்கை விரித்துக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் விடியற்காலை அம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் பெரட்டுக்குப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். அம்மாவின் பேர் வந்தது. அம்மா சத்தம் கொடுத்தாள். பழக்கத்தில் என் வாயும் திறந்தது. அடுத்து வேறொரு பெண்ணின் பேரை வாசித்தார். அவள் சத்தம் கொடுத்தாள். அதற்கடுத்த பேரும் போய்விட்டது. நான் வெறுத்துக்கொண்டே சத்தம் கொடுத்த பேர்தான் அது. ஆனால் அது இல்லாமல் வரிசை அப்படியே நகர்ந்து போனபோது கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் பிறந்த இடத்தில் என்னைக் கூப்பிட யாருக்கும் இனித் தேவையில்லை.

அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நான் தெனமும் இந்த எடத்துல காதக் குடுத்துக்கிட்டு நிப்பேன், புள்ள. எம் பேருக்கு அப்புறம் ஒம் பேரு வராது. அப்பாடா, புள்ள அங்கதான் இருக்குன்னு நெனைச்சுக்குவேன்."

கூடையை என்னிடமிருந்து வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு மலையேறிப் போனாள். நான் காம்பராவுக்குத் திரும்பி, அப்பா வருவதற்குள் ரொட்டி தட்டி வைத்தேன்.